வெள்ளிக்கிழமை உடை

வெள்ளிக்கிழமைக்கு இன்று இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. நம் வீடுகளில் அது தலைமுழுகி, வாசலில் மாக்கோலம் இட்டு, பெட்டியில் இருக்கும் நல்ல சேலையை எடுத்து உடுத்தி அம்மன் கோயிலுக்குச் செல்லும் நாள். அலுவலகங்களிலோ அது உடையைத் தளர்த்திக்கொள்ளும் நாள். 1960-களில் ஹவாய்த் தீவுகளில், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பூப்போட்ட சட்டையணிந்து பணிக்கு வரலாம் என்றொரு சலுகை தோன்றியது. ‘அலோஹா வெள்ளி’ என்று பெயர் பெற்ற அந்த வழக்கம் 1990-களில் அமெரிக்க நிறுவனங்களெங்கும் பரவியது. பின்னர் கணினி நிறுவனங்களின் வழியே சென்னைக்கும் கோவைக்கும் வந்து சேர்ந்தது. ஒரே கிழமையில் ஓரிடத்தில் உடுத்துவதில் கவனம் கூடுகிறது, மற்றோரிடத்தில் குறைகிறது. இந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் எங்கள் குந்தா மலையில் ஒரு சிறிய கோயில் வாசலில் எதிரெதிரே நின்றதைப் பற்றி எழுத எண்ணுகிறேன்.

குந்தா, உதகைக்குத் தென்மேற்கே மஞ்சூரை ஒட்டிய பகுதி. மேலே தேயிலை, கீழே அணையும் மின்நிலையமும், இடையில் பெரும்பாலான நாள்களில் பனிமூட்டம். கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் உருவான 1950-களின் பிற்பகுதியில், சேலம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர் என் தந்தையார். வேலை முடிந்தது, அவர் ஊர் திரும்பவில்லை. என் தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். நான் மின்நிலையத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன்.

அம்மாவிடம் மூன்று வகைச் சேலைகள்தாம் இருந்தன. வேலைச் சேலை, வீட்டுச் சேலை, கோயில் சேலை. வேலைச் சேலையின் மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை அணிந்துகொள்வார். செடிகளின் ஈரம் உடம்பில் ஏறாதிருக்க இடுப்பைச் சுற்றித் தார்ப்பாய்த் துண்டு, தலையில் துணிக்கட்டு, முதுகில் கூடை. தோட்டத் தொழிலாளர்க்கு மழையும் குளிரும் தாங்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியன வழங்க விதி செய்யலாம் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்கள் மழையின் வேகத்தை அறிந்தவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும். அடுத்துள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆடி, ஆவணி மாதங்களில் துவைத்த துணி ஒரு வாரமானாலும் உலராது. அதனால் கோயில் சேலையை மட்டும் அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துவார். அரக்கு நிறச் சின்னாளபட்டிச் சேலை அது. விறகுப் புகையின் மணம் அதில் எப்போதும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை எடை போட்டு முடித்து வீடு திரும்பியதும் தார்ப்பாய்த் துண்டை அவிழ்த்து வாசற்படியிலேயே போடுவார். வெந்நீர் வைத்துக் கைகால் முகம் கழுவுவார். விரல்களில் ஏறிய தேயிலைக் கறை முழுவதும் போகாது. ஆனாலும் சாம்பல் வைத்துத் தேய்ப்பார். பிறகு அந்தச் சேலை. அதை உடுத்தியபின் அவர் நடையே மாறிவிடும். “அம்மா, பசிக்கிறது” என்றால், “கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன், பொறு” என்பார். வேறெந்த நேரத்திலும் அவர் எங்களைப் பொறுக்கச் சொன்னதில்லை. மேஸ்திரி வழியில் எதிர்ப்பட்டு மறுநாள் வேலையைப் பற்றி ஏதேனும் சொல்லத் தொடங்கினாலும், சேலையைப் பார்த்ததும் “சரி, காலையில் பேசிக்கொள்ளலாம்” என்று ஒதுங்கிவிடுவார். ஆறு நாள் உழைப்பில் அம்மாவுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அவரை யாரும் வேலை ஏவ முடியாது. அந்தச் சேலையே அவருக்கு அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தது.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். பட்டு வாங்கு என்று அவர்கள் சொல்லவில்லை. அம்மாவின் கோயில் சேலையும் விலை மலிவானதுதான். தனியாக எடுத்து வைத்ததும், துவைத்து உலர்த்தியதும், அதற்கென்று மாற்றிக்கொண்டதுமே அதற்குப் பெருமை.

இன்று எங்கள் வீட்டில் இரண்டு பீரோக்கள் நிறையத் துணி இருக்கிறது. ஆனால் மூன்று சேலை இருந்த காலத்தில் இருந்த வேறுபாடு இல்லை. திருப்பூர்ப் பின்னலாடை மலிவாகக் கிடைக்கிறது. உதகைத் தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் விற்கும் கம்பளிச் சட்டை இங்கே வீடுதோறும் உண்டு. ஆண்கள் காலையில் மாட்டிய டிராக் பேன்ட்டும் ஜெர்கினும், பெண்கள் நைட்டியும் அதன் மேல் ஸ்வெட்டரும் தோளில் ஒரு துண்டுமாக, பால் வாங்குவது முதல் வங்கி வரை அதே உடையில் முடிகிறது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள், திரையில் தெரியும் பாதிக்குச் சட்டையும் தெரியாத பாதிக்குக் கைலியும் அணிந்தார்கள். அத்துடன் வீட்டு உடைக்கும் வேலை உடைக்கும் நடுவே இருந்த கடைசி வேலியும் சாய்ந்தது.

இதில் குறை மட்டுமே காண்பது நியாயமாகாது. துவைக்க எளிது, உலர எளிது, இருசக்கர வண்டியில் ஏற எளிது. பேருந்துக்கு ஓடும் பெண்ணுக்குச் சுடிதார் தந்த நிம்மதியைச் சேலை தந்திருக்க முடியாது. வேலைக்கு ஏற்ற உடை எது என்பதை வேலையே சொல்லும். சுழலும் இயந்திரத்தின் அருகே பணிபுரிவோர் உடலோடு ஒட்டிய உடையே அணிய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. மின்நிலையத்தில் டர்பைன் ஓடும் கூடத்தில் தொங்கும் துணி எதுவும் ஆகாது. வேட்டி நுனி சிக்கினால் உயிர் போய்விடும். ஆகவே ஆண்டு முழுவதும் காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை.

ஆயுத பூஜை அன்று மட்டும் காட்சி வேறு. துடைத்துச் சுத்தம் செய்த இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, நாங்கள் அனைவரும் வெள்ளை வேட்டியில் வந்து அதன் முன் நிற்போம். நாள்தோறும் எந்த இயந்திரத்தைத் திருகிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தோமோ, அதன் முன்னே அன்று கைகூப்புவோம். அப்போது அது எங்களை ஏவும் இயந்திரமாகத் தோன்றாது. எங்களுக்குச் சோறு போடும் தாயாகத் தோன்றும். இயந்திரம் அதேதான். எங்கள் உடை மாறியிருந்தது. அதனால் பார்வையும் மாறியிருந்தது.

இனி என் பேத்தியின் கதைக்கு வருகிறேன். கோவையில் ஒரு கணினி நிறுவனத்தில் பணி. வெள்ளிக்கிழமை நண்பகலோடு வேலையை முடித்துக்கொண்டு, காரமடை, முள்ளி வழியாக நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மாலைப் பூஜைக்கு மஞ்சூர் வந்து சேர்வாள். வழியில் உடை மாற்ற இடம் ஏது? ஜீன்ஸ், அதன் மேல் தொளதொளத்த பனியன், அதற்கு மேல் ஜெர்கின். அந்தக் கோலத்தோடு என்னுடன் நேரே கோயிலுக்கு வருவாள். கர்ப்பகிரகத்தின் முன் நின்று கண்மூடினால் ஐந்து நிமிடம் அசைய மாட்டாள். ஆனால் ஜீன்ஸ் பையில் இருக்கும் கைப்பேசி அதற்குள் இரண்டு முறையாவது அதிரும். அலுவலகம்தான். உடை தளர்ந்திருக்கிறதே தவிர, வேலை அவளைத் தளர விடுவதில்லை.

ஒரு வெள்ளியன்று கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் அவளைப் பார்த்து, “இந்த உடுப்போடு உள்ளே வரலாமா, அம்மா?” என்று கேட்டார். குரலில் கடுமை இல்லை. ஆனால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மண்டபத்திலேயே நின்றுவிட்டாள். அடுத்த இரண்டு வெள்ளிகள் ஊருக்கு வந்தும் கோயிலுக்கு வரவில்லை. காரணம் கேட்டேன். “எனக்கு அம்மன் மேல் ஒன்றும் இல்லை, தாத்தா. வாசலில் நிற்பவர்கள் கண்ணைத் தாண்டித்தான் அம்மனைப் பார்க்க வேண்டியிருக்கிறது” என்றாள். இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி கோயிலுக்கு வரும் வழக்கத்தை இழக்கப் போகிறாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒருமுறை அறுந்தால் அந்த நூலை மீண்டும் முடிவது எளிதன்று.

அம்மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதுவே பேச்சாயிற்று. உடைக் கட்டுப்பாடு என்று வாசலில் பலகை வைத்துவிடலாம் என்றார் பெரியவர். அவர் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நாற்பது ஆண்டுகளாக விளக்கேற்றி வருபவர். “கடைத்தெருவும் கோயிலும் ஒன்றாகிவிட்டால், மனம் எங்கே போய் அடங்கும்?” என்று கேட்டார். நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்றார் இன்னொருவர். ஆம், 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்கு வருவோரின் உடை பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. ஆண்களுக்கு வேட்டி, மேலாடையுடன் பைஜாமா, அல்லது முறையான பேன்ட் சட்டை. பெண்களுக்குச் சேலை, தாவணி, மேலாடையுடன் சுடிதார். 2016 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதே மாதத்தில் மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஆணையிலும் பேன்ட் ஆண்களுக்கு ஏற்புடையதாகத்தான் இருந்தது. கூட்டத்தில் இருந்த எங்களில் பலரும் அன்று பேன்ட்தான் அணிந்திருந்தோம்.

உடையைக் கொண்டு வாசலில் ஆளைத் தடுப்பதன் கசப்பைத் தமிழகம் அறியும். 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தின் வளாகத்துக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே திருப்பி அனுப்பப்பட்டார். ஊரே கொதித்தது, வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று அதே ஆண்டில் சட்டசபை சட்டம் இயற்றியது. அதற்கும் முன்னே, 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில், முழு உடைக்கு வழியற்ற ஏழைகளை எண்ணிக் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். அதே மதுரையில் 1939 ஜூலை 8 அன்று, தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வைத்தியநாத ஐயருடன் மீனாட்சி அம்மன் சந்நிதிக்குள் நடந்தார்கள். ஆகவே, கோயில் வாசலில் பலகை மாட்டும்போது நம் கை சற்றுத் தயங்கத்தான் வேண்டும்.

கூட்டத்தில் நான் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. எங்கள் கோயில் மதிலுக்கு வெளியே வெள்ளிதோறும் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன். வடமாநிலத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். இடுப்பில் தார்ப்பாய்த் துண்டு, சேலை மேல் ஆண் சட்டை, கால்களில் சேறு. எடை போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் மதிலோரம் நின்று கைகூப்பிவிட்டுப் போவார். உள்ளே வரக் கூடாது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. தன் உடையைப் பார்த்துத் தானே நின்றுகொள்கிறார். “பலகை வைத்தால் என் பேத்தி நாளைக்கே நல்ல சுடிதார் வாங்கி உடுத்தி வந்துவிடுவாள். அவளிடம் பணம் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கோ தமிழ் படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்தப் பலகை முதலில் தடுக்கப்போவது இவரைத்தான்” என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கூட்டத்தில் இருந்த பாதிப்பேரின் தாய்மார்கள் தார்ப்பாய் கட்டியவர்கள்.

அப்படியானால் உடை ஒரு பொருட்டே இல்லையா என்று பெரியவர் கேட்டார். அது நேர்மையான கேள்வி. உடை பெரும் பொருட்டுதான் என்பதற்கு எங்கள் மலையிலேயே சான்று உண்டு. படுகர் பெருமக்கள் தம் மூதாட்டித் தெய்வமாகப் போற்றும் ஹெத்தையம்மனுக்கு மார்கழியில் விழா எடுக்கிறார்கள். கோத்தகிரி அருகே பேரகணியில் கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்; மலைச்சரிவு முழுவதும் வெண்மை. பெங்களூரிலும் சென்னையிலும் ஆண்டெல்லாம் ஜீன்ஸ் அணியும் பிள்ளைகள் அன்று வெள்ளை உடையில் வருகிறார்கள். பாட்டி உடுத்திய உடையைப் பேத்தியும் உடுத்துவதற்கு விழாவின் மேல் இருக்கும் அன்பே போதுமானதாக இருக்கிறது.

ஐயப்ப பக்தர்களையும் பாருங்கள். கார்த்திகை பிறந்ததும் ஓட்டுநரும் கணக்கரும் தொழிற்சாலை ஊழியரும் கறுப்பு வேட்டிக்கும் நீல வேட்டிக்கும் மாறுகிறார்கள். உறைபனி விழும் எங்கள் காலைப்பொழுதில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். மாலை அணிந்தவர் மேலாளரானாலும் கூலியாளானாலும் பெயர் ஒன்றே: சாமி. வேலையிடத்தில் ஏவுகிறவரும் ஏவப்படுகிறவரும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்று அழைத்துக்கொள்ளும் அந்த நாற்பத்தொரு நாளை உண்டாக்குவதில் அந்த வேட்டிக்கும் பங்கு உண்டு.

இறைவனும் நமக்கு இதைத்தான் காட்டுகிறான். பழனியாண்டவன் ஒரே நாளில் ஆண்டியாக நிற்கிறான், வேடனாக நிற்கிறான், சாயரட்சையில் அரசனாகக் கொலுவிருக்கிறான். அவனுக்குக் கோவணமும் ஒன்றுதான், ராஜ அலங்காரமும் ஒன்றுதான். ஆனால் காலையும் மாலையும் ஒரே அலங்காரத்தில் அவன் இருந்துவிடுவதில்லை. ஒவ்வொரு வேளைக்கும் முந்தைய அலங்காரத்தைக் களைந்து, நீராடி, புதிதாக உடுத்துகிறான். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தக் களைதல் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை உடுத்தினோம் என்பதைவிட, எதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தோம் என்பது பெரிது. திருச்செந்தூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சந்நிதிக்குச் செல்கையில், அந்தச் சட்டையோடு பதவியும் சற்றே இறங்குகிறது.

முடிவில் பலகை வைக்கவில்லை. மண்டபத்தின் ஓரத்தில் ஓர் அலமாரி வைத்தோம். பக்கத்தில் திரை மறைப்பும், கைகால் கழுவக் குழாயும், குளிர்காலத்துக்கு ஓர் அண்டா வெந்நீரும். வீட்டுக்கு இரண்டாகத் துவைத்த வேட்டிகளும் சேலைகளும் தாவணிகளும் வந்து சேர்ந்தன. சில கைத்தறி வேட்டிகளைக் கமிட்டியே வாங்கியது. வேண்டுவோர் எடுத்து உடுத்தலாம். வேண்டாதோர் அப்படியே உள்ளே வரலாம். யாரும் கேட்க மாட்டார்கள் என்று முடிவாயிற்று. துவைக்கும் பொறுப்பு முறைவைத்து வீடுகளுக்கு. திட்டத்தை முதலில் ஏற்காத பெரியவர்தான் அலமாரிச் சாவியை இப்போது வைத்திருக்கிறார். ஒவ்வொரு துணியையும் மடிப்புக் கலையாமல் அடுக்குவதில் அவருக்கு நிகர் இல்லை.

அந்த அலமாரியை மிகுதியாகப் பயன்படுத்துவோர் நாங்கள் எதிர்பார்த்தவர்கள் அல்லர். தொழிற்சாலையில் முறைவேலை முடித்து, உடம்பெல்லாம் தேயிலைத் தூளோடு வருபவர்கள். நெடுந்தூரம் வண்டி ஓட்டிவரும் ஓட்டுநர்கள். சுற்றுலா வந்த இடத்தில் கோயிலைக் கண்டு இறங்குபவர்கள். இவர்களெல்லாம் இதுவரை வெளியிலிருந்தே கும்பிட்டுப் போனவர்கள். மதிலோரம் நின்ற பெண்ணை என் மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். முதல் நாள் அவர் சேலையைத் தொடவே தயங்கினார். இப்போது வெள்ளிதோறும் தார்ப்பாயைப் படியில் போட்டுவிட்டு, கைகழுவி, தானே எடுத்து உடுத்துகிறார்.

பேத்தியை நான் வற்புறுத்தவில்லை. அலமாரியைப் பற்றியும், தன் கொள்ளுப்பாட்டியின் அரக்குச் சேலையைப் பற்றியும் சொன்னேன். “கோயில் சேலையைக் கட்டிவிட்டால் பாட்டியை யாரும் வேலை ஏவ முடியாது” என்ற இடத்தில் அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். அடுத்த வெள்ளி வந்தாள். திரைக்குப் பின்னே சென்று ஒரு பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கட்டத் தெரியாமல் கட்டியிருந்தாள். பாட்டி கொசுவத்தைச் சரிசெய்தாள். ஜெர்கினை அலமாரியில் வைக்கையில் அதன் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை, ஜெர்கினோடு சேர்த்து வைத்துக் கதவைச் சாத்தினாள். எல்லா வெள்ளியும் அவள் மாற்றிக்கொள்வதில்லை. நேரமானால் ஜீன்ஸிலேயே வருகிறாள். பெரியவர் இப்போது அவளிடம் உடையைப் பற்றிக் கேட்பதில்லை, “மலை ஏறி வந்தது களைப்பா, அம்மா?” என்றுதான் கேட்கிறார்.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஆளுக்கொரு கோயில் உடை இருக்கட்டும். விலை உயர்ந்ததாக வேண்டாம், பழையதாகவும் இருக்கலாம். தனியே மடித்து, தனி இடத்தில் வையுங்கள். கோயிலுக்குப் புறப்படும்போது அதை மாற்றிக்கொள்ளும் ஐந்து நிமிடத்தில் கடையும் அலுவலகமும் அடுக்களையும் உங்களை விட்டு இறங்கும். பிள்ளைகள் மாற்றிக்கொள்ளாவிட்டால் கடிந்து பேசாதீர்கள். நீங்கள் மாற்றிக்கொள்வதை அவர்கள் பார்க்கட்டும். கோயிலில் வேறொருவர் எப்படி உடுத்தி வந்திருக்கிறார் என்று கண் போனால், அந்தக் கண்ணை அம்மன் முகத்துக்குத் திருப்புங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் இடமிருந்தால் இப்படி ஓர் அலமாரியும் வைக்கலாம். துணிகளைத் துவைத்து உலர்த்தும் வேலை மட்டும் கொஞ்சம் கூடுதல். எங்களுக்கு ஆடி மழையில் வெயில் கிடைப்பதில்லை. மடைப்பள்ளி அடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துகிறோம். எல்லாத் துணியிலும் விறகுப் புகையின் மணம் இருக்கிறது.